டீச்சர் சொல்வது நிஜமா, அக்கா சொல்வது நிஜமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு ஊர் சத்தியவேடு. ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். தினமும் பஸ் ஏறி ஊத்துக்கோட்டைப் பக்கம் வந்து ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். என் கூடவே பஸ்ஸில் வரும் பையன் ஒருவன் இரண்டு வகுப்பிலும் இருக்கிறான். பள்ளியில் என்னை டீச்சர் என்பான், சபையில் அக்கா என்பான். பரிணாமப் பாடம் நடத்தும்போது, பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் வருடத்துக் கற்கருவி கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். அந்த ஞாயிறே, ஆதாம் தொடங்கி இன்றுவரை ஆறாயிரம் வருடம் என்று சண்டே ஸ்கூல் புத்தகத்தில் இருந்ததை வாசித்தேன். அவன் எழுந்து, "டீச்சர் சொன்னது நிஜமா, அக்கா சொல்றது நிஜமா?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். விஷயம் பாஸ்டர் ஐயா காதுக்குப் போனது. "ஸ்கூல்ல சம்பளத்துக்குச் சொல்லுங்க, இங்க விசுவாசத்துக்குச் சொல்லுங்க. முடியலைன்னா வகுப்பை வேற யாருக்காவது விட்டுடுங்க" என்கிறார். அம்மாவும் சண்டே ஸ்கூலை விட்டுவிடு என்கிறார். பையன் குடியம் மலைப்பக்கம் பொறுக்கிய ஒரு கல்லைக் கொடுத்து, இதற்கு எத்தனை வயது என்று கேட்கிறான். படம் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன சொல்ல?

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

முதலில் கல். பையன் அதற்குத்தான் காத்திருப்பான், மற்றதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குவார்ட்சைட் கல்தான், அந்த மலையில் கிடைப்பதுதான். ஆனால் ஆதி மனிதர் தட்டிச் செய்த கைக்கோடரி இல்லை. கல்லின் மேல்தோல் துருப்பிடித்த செம்மண் நிறத்தில் இருக்கிறது. உடைந்த முகம் மட்டும் வெளிறிப்போய்ப் புதிதாக இருக்கிறது. லட்சக்கணக்கான வருடம் அந்த மண்ணில் கிடந்த உடைப்பென்றால் அதிலும் கறை ஏறியிருக்கும். இது லாரிச் சக்கரமோ சம்மட்டியோ சமீபத்தில் செய்த வேலை.

நிஜக் கைக்கோடரியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பெரிய மாங்கொட்டை மாதிரி, ஒரு முனை கூராக, மறுமுனை உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருக்கும். இரண்டு முகத்திலும் சில்லு பெயர்த்த தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் சிப்பியின் உட்புறம் போலக் குழிந்திருக்கும். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனால், இந்தப் பக்கம் ஒரு தட்டு, கல்லைத் திருப்பி அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி அடித்திருப்பது தெரியும். ஆற்றில் உருண்ட கல் அப்படி உடையாது. யாரோ உட்கார்ந்து, அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று யோசித்து அடித்திருக்கிறார்கள். நான் நிலவியல் வாத்தியார். முப்பது வருடம் மாணவர்களை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த ஓரத்தைத் தடவும்போது பேச்சு நின்றுபோகாத மாணவனை நான் பார்த்ததில்லை.

அவன் கல்லுக்கு வயது கேட்டானே, மூன்று வயது இருக்கிறது என்று சொல்லுங்கள். மணலாக இருந்து இறுகிக் குவார்ட்சைட் ஆனது நூறு கோடி வருடத்துக்கும் முன்னால். வடக்கே நகரி மலைப்பக்கத்துப் பழம்பாறையிலிருந்து உடைந்து வந்தது என்பது எங்கள் ஆட்களின் வழக்கமான கணக்கு. அது உருண்டு கூழாங்கல்லாகி, மற்ற கூழாங்கற்களோடு சேர்ந்து ஒரு அடுக்காகப் படிந்தது 10 கோடி வருடத்துக்கும் முன்னால், டைனோசர் காலத்தில். அந்த அடுக்குக்கு நிலவியலில் என்ன பெயர் தெரியுமா? சத்தியவேடு அடுக்கு. உங்கள் ஊர்ப் பெயரேதான். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது வயது அந்த உடைப்பின் வயது, அது அநேகமாக அந்தப் பையனைவிடச் சின்னது.

இப்போது உங்கள் 15 லட்சத்துக்கு வருகிறேன். அது சரியான எண்தான், ஆனால் வகுப்பில் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லவேண்டும். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்தில் தோண்டி, 2011-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் வருடப் பழமை, சராசரியாகக் கணக்கிட்டால் 15 லட்சம் என்பது அவர்கள் முடிவு. எப்படிக் கண்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், பத்தாம் வகுப்புக்குப் புரியும். திறந்தவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டுப்பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு கதிரியக்க அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாக மண்ணில் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதிதாக உண்டாவது நின்றுவிடும். ஏற்கெனவே இருப்பது சிதைந்துகொண்டே வரும். அலுமினியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 லட்சம் வருடம், பெரிலியத்துக்கு அதைப்போல் இரு மடங்கு. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் எரிகிற இரண்டு மெழுகுவர்த்திகளை ஒரே நேரத்தில் ஏற்றிவைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து மிச்ச உயரத்தைப் பார்த்தே எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்தக் கணக்குதான். இது போதாதென்று, களிமண் அடுக்கின் காந்தத் திசையையும் பார்த்தார்கள். அது தலைகீழாக இருந்தது. பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் வருடத்துக்கு முன். அதற்கும் முந்தைய மண் அது. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் கொடுக்கும்போது, "ரெண்டு மூணு சாட்சிகளின் வாயினால்" என்று வேதம் படித்த நாம் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை. அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை, கருவிகள்தான் கிடைத்திருக்கின்றன. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை, அவற்றுக்கே வயது சுமார் 3 லட்சம். ஆகவே அத்திரம்பாக்கத்தில் அந்தக் கல்லைத் தட்டியவர் நமக்கு முந்திய வேறொரு மனித இனம். 'உலகின் முதல் தமிழன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பாடத்தில் கலந்துவிடாதீர்கள்.

அடுத்து ஆறாயிரம். இதில்தான் உங்கள் சண்டே ஸ்கூல் புத்தகத்தோடு எனக்குச் சண்டை. ஆறாயிரம் என்ற எண் வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. தேடிப் பாருங்கள். அது ஒரு கூட்டல் கணக்கு. ஆதியாகமம் 5, 11 அதிகாரங்களின் வம்ச வரலாற்றில், இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றான் என்று வருகிற எண்களையெல்லாம் கூட்டி, மற்ற ராஜாக்கள் வரலாற்றோடு பொருத்தி, ஜேம்ஸ் அஷர் என்ற அயர்லாந்துப் பேராயர் 1650-ல் வெளியிட்டார். சிருஷ்டிப்பு கி.மு. 4004 என்றார், அக்டோபர் 23 என்று தேதிகூடப் போட்டார். 1701 முதல் இங்கிலீஷ் வேதாகமங்களின் ஓரத்தில் அந்த வருடங்கள் அச்சாகத் தொடங்கின. ஓரத்தில் இருந்தது நாளடைவில் உள்ளே இருப்பதுபோல் ஆகிவிட்டது. அதே வம்ச வரலாற்றைக் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து கூட்டிய கீழைச் சபைகளுக்கு கி.மு. 5509 வந்தது. அவர்களும் நம்மைப் போலவே இயேசுவை ஆண்டவர் என்று அறிக்கையிட்டவர்கள்தான்.

அஷர் முட்டாள் இல்லை. அவர் காலத்தில் அது பெரிய படிப்பு. ஆனால் அவர் கூட்டலுக்கு அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: 'பெற்றான்' என்றால் அப்பா பிள்ளை என்றே அர்த்தம், நடுவில் யாரும் விடுபடவில்லை என்பது. மத்தேயு முதல் அதிகாரம் 8-ம் வசனத்தைப் பாருங்கள். யோராம் உசியாவைப் பெற்றான் என்று இருக்கிறது. அப்படியே 1 நாளாகமம் 3-ஐத் திருப்பி 11, 12 வசனங்களைப் பாருங்கள். யோராமுக்கு அப்புறம் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் வந்து, பிறகுதான் உசியா வருகிறான் (அங்கே அவன் பெயர் அசரியா). மத்தேயு மூன்று தலைமுறையைத் தாண்டுகிறார். அவருக்குத் தெரியாமல் இல்லை. பதினான்கு, பதினான்கு என்று அழகாக வரவேண்டும், தாவீதின் குமாரன் என்பது பளிச்சென்று தெரியவேண்டும், அதுதான் அவர் நோக்கம். வம்ச வரலாறு காலண்டர் வேலைக்காக எழுதப்படவில்லை என்பதற்கு வேதத்துக்குள்ளேயே இருக்கிற சாட்சி இது. பாஸ்டர் ஐயாவிடம் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டியது இந்த இரண்டு பகுதிகளைத்தான். டார்வினை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லலாம், கதையாகவே சொல்லலாம். நம் பக்கத்தில் கைக்கோடரியை முதலில் அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர். 1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒன்று எடுத்தார். அதே வருடம் செப்டம்பர் 28-ந் தேதி, வில்லியம் கிங் என்பவரோடு சேர்ந்து அத்திரம்பாக்கம் ஓடையில் கண்டுபிடித்தார். டார்வினின் புத்தகம் வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. இந்த ஃபூட்டின் மாமனார் யார்? பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உதவிக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த அதே பெர்சிவல், 1850-ல் அது அச்சில் வந்தது. ஆக, ஒரு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பும் தமிழ்நாட்டுக் கற்காலமும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில் ஃபூட்டின் நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது. சம்பளத்துக்கு ஒன்று, விசுவாசத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளாத ஆட்கள் நம் மண்ணிலேயே உண்டு.

சரி, இப்படிச் சொன்னதும் நிறையப் பேர் ஒரு குறுக்குவழி பிடிப்பார்கள். நானும் பிடித்தேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். வாலிபர் கூட்டத்தில் சில வருடம், 'ஆறு நாள் என்றால் ஆறு யுகம். வேதம் அன்றைக்கே நிலவியலைச் சொல்லிவிட்டது' என்று பேசிக்கொண்டிருந்தேன். கைதட்டல் கிடைத்தது. ஒரு நாள் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "ஐயா, புல் பூண்டு மூணாம் நாள், சூரியன் நாலாம் நாள்னு இருக்கே. ஒரு யுகம் முழுக்கச் செடி வெயில் இல்லாம இருந்துச்சா?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதோடு முடியவில்லை. பறவைகள் ஐந்தாம் நாள், தரை விலங்குகள் ஆறாம் நாள். பாறை அடுக்குகளில் வரிசை நேர்மாறு. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் முதலில், மிருகங்கள் பிறகு. வேதத்தையும் விஞ்ஞானத்தையும் கோந்து போட்டு ஒட்டினால் இரண்டுமே கோணிக்கொள்ளும். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி என்று ஓரிஜன் என்ற சபைப் பிதா மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்டிருக்கிறார். வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாமல் பேசி அவிசுவாசிகள் முன்னால் வேதத்தைக் கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று அகுஸ்தீன் கண்டித்திருக்கிறார், அவர் இறந்தது கி.பி. 430-ல். டார்வின் வந்து பயமுறுத்தியதால் கிறிஸ்தவர்கள் ஜகா வாங்கினார்கள் என்று யாராவது சொன்னால் இவர்களை ஞாபகப்படுத்துங்கள்.

முதல் அதிகாரத்தை நான் இப்போது எப்படி வாசிக்கிறேன்? சுற்றியிருந்த ஜனங்கள் சூரியனையும் சந்திரனையும் கும்பிட்டார்கள். அந்த அதிகாரம் அவற்றின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பெரிய சுடர்', 'சிறிய சுடர்' என்று விளக்கு மாட்டியதைப்போல் நாலாம் நாளில் மாட்டிவிட்டுப் போகிறது. எப்போது, எந்த வரிசையில் என்பதைவிட யாருடையது, யாரைக் கும்பிடுவது என்பதுதான் அங்கே பேச்சு.

வகுப்பில் வரப்போகிற இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: "குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" இதற்குத் தமிழில் ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது: பங்காளி. நீயும் உன் பெரியப்பா மகனும் ஒரு தாத்தாவின் வழி. பெரியப்பா மகனிடமிருந்து நீ பிறக்கவில்லை. நீ இருப்பதால் அவன் இல்லாமல் போகவும் வேண்டாம். சிம்பன்ஸி நமக்குப் பங்காளி. பாகம் பிரிந்தது 60, 70 லட்சம் வருடத்துக்கு முன். அதற்கு 48 குரோமோசோம், நமக்கு 46. நம்முடைய இரண்டாவது குரோமோசோமைப் பார்த்தால் இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு தெரிகிறது. பழைய பத்திரத்தில் இரண்டு சர்வே நம்பரைச் சேர்த்து ஒன்றாக்கிய மாதிரி. மனித மரபணுத் தொகுதியை வாசித்த திட்டத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான கிறிஸ்தவ விசுவாசி, அவருக்கு இதில் இடறல் இல்லை.

இதுவரை சொன்னது எளிது. இனிமேல்தான் கஷ்டம், அதை உங்களிடம் மறைத்தால் நான் ஏமாற்றுக்காரன். ஆறாயிரத்தை விட்டுவிடலாம், ஆறு நாளை வேறுவிதமாக வாசிக்கலாம். ஆதாமை என்ன செய்வது? ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் வந்தது, ஒரே மனுஷனாலே கிருபை வந்தது என்று ரோமர் 5-ல் பவுல் ஒரு தராசு கட்டுகிறார். ஒரு தட்டில் ஆதாம், மறு தட்டில் கிறிஸ்து. மரபணு ஆய்வோ, இன்று மனிதரில் இருக்கிற வேறுபாடுகளைப் பார்த்தால் நம் முன்னோர் தொகை ஒருபோதும் இரண்டு பேராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள் என்கிறது. 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' என்று பத்திரிகையில் படித்து அல்லேலூயா சொன்னவர்கள் உண்டு. அவள் அந்தக் காலத்தில் இருந்த ஒரே பெண் இல்லை, தாய்வழிக் கோடு அறுபடாமல் நம் எல்லோர் வரைக்கும் வந்த ஒருத்தி, அவ்வளவுதான்.

விசுவாசிகள் இதில் பலவாறாகப் பிரிந்து நிற்கிறார்கள். பலர் இருந்த கூட்டத்திலிருந்து தேவன் இருவரை அழைத்து உடன்படிக்கை செய்தார், ஆபிரகாமை அழைத்ததுபோல, என்று சிலர். எபிரெயத்தில் 'ஆதாம்' என்றாலே மனுஷன், மண் என்பதற்கான 'ஆதமா' என்ற சொல்லோடு ஒட்டிய சொல். அது நம் எல்லோருடைய கதை என்று சிலர். கத்தோலிக்க சபை 1950-ல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்தில், உடல் எப்படி வந்தது என்பதை ஆராயலாம், ஆத்துமா தேவன் நேரடியாகத் தருவது என்று கோடு போட்டது. ஆனால் ஆதாம் என்பது பலரைக் குறிக்கும் என்பதை அப்போது ஏற்கவில்லை. 1996-ல் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் அனுமானத்தைவிட மேலானது என்றார். நான், அது நம் எல்லோருடைய கதை என்கிற இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறவன். பவுலின் தராசைப் படிக்கும்போது மட்டும் கால் கொஞ்சம் நடுங்கும். நடுக்கத்தோடு நாற்பது வருடம் திருவிருந்தில் பங்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பையனுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். அவனே ஒரு நாள் கேட்பான், அன்றைக்குச் சொல்லலாம்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. வருகிற ஞாயிறு அந்த வகுப்பிலேயே, எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது சொல்லுங்கள்: "டீச்சரும் நான்தான், அக்காவும் நான்தான். போன தடவை ஆறாயிரம் வருஷம்னு புத்தகத்தில இருந்ததை நான் யோசிக்காம வாசிச்சுட்டேன். அது வேதத்தில இல்ல. தேவன் உண்டாக்கினார்னு வேதம் சொல்லுது, எத்தனை வருஷம்னு சொல்லல." அவ்வளவு போதும். பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். அவன் எல்லார் முன்னாலும் கேட்டு, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பதிலும் எல்லார் முன்னாலும் கிடைக்கட்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கு முன்னால், சனிக்கிழமையே பாஸ்டர் ஐயாவைப் போய்ப் பார்த்துவிடுங்கள். வகுப்பில் நடந்தபிறகு அவருக்குத் தெரியவந்தால் அது மதிப்புப் பிரச்சினை ஆகிவிடும். மத்தேயுவையும் நாளாகமத்தையும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் சண்டை வேண்டாம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை மட்டும் வேறொருவர் எடுக்கட்டும், நான் யோசேப்பிலிருந்து எடுக்கிறேன் என்று கேளுங்கள். பொய் என்று உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டேன் என்பதில் மட்டும் பின்வாங்காதீர்கள். சண்டே ஸ்கூலை நீங்களாக விடவும் வேண்டாம். நீங்கள் போய்விட்டால் அந்தப் பையனும் போய்விடுவான், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பள்ளியிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அங்கே எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பாடத்தைப் பாடமாக நடத்துங்கள், அதில் பிரசங்கம் நுழையவேண்டாம்.

கல்லை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது சாதாரணக் கல்தான். இனிமேல் நிஜக் கருவி போலத் தெரிகிற எதையும் எடுக்காமல், கிடக்கிற இடத்திலேயே படம் பிடித்துவரச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் எந்த மண்ணில் கிடந்தது என்ற சாட்சி போய்விடும். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. நிஜக் கைக்கோடரிகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. சண்டே ஸ்கூல் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். பாஸ்டர் ஐயாவுக்கும் ஒரு சீட் போடுங்கள். தேதியை முன்கூட்டியே எழுதினால் நானும் அங்கே வந்து நிற்பேன், அந்தப் பையன் பெயரையும் எழுதுங்கள்.